நானூற்றுப் பன்னிரண்டு தடவை

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். பத்தே முக்காலிலிருந்து அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இப்போது பதினொன்று பத்து. சிங்கிள்டன் என்று இருப்பதை அழித்துவிட்டு ஸ்கோப்டு என்று அடிக்க வேண்டும். பதினான்கு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு இது தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்கிற காரியம், ஆனால் விரல் அந்தச் சொல்லின் மேல் போய் நிற்கிறது, பிறகு திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் ரகோத்தமன் சாருக்கு இதைப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. போன மாசம் சென்னையிலிருந்து எங்களுக்கு மேனேஜராக வந்தவர், விற்பனைப் பக்கத்து ஆள், எதைச் சொன்னாலும் "சிம்பிளா சொல்லுங்க சுகுணா" என்பார். சிம்பிளாகத்தான் சொன்னேன். நிரலுக்குள்ளே நூறு பொருட்கள் இருக்கும் சார், ஒன்றுக்கு இன்னொன்று வேண்டியிருக்கும். அவரவருக்கு வேண்டியதை அவரவரே செய்துகொள்ளக் கூடாது. கன்டெய்னர் என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் கேட்டால் அது செய்து கையில் கொடுக்கும், வேலை முடிந்ததும் அதுவே அப்புறப்படுத்திவிடும். எதற்கு எவ்வளவு ஆயுள் என்று மட்டும் நாம் முன்னாலேயே பதிந்துவைக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று, அது ஒரு வகை. சர்வர் ஓடுகிறவரைக்கும் ஒரே ஒன்று, அது சிங்கிள்டன். ஒரு ரிக்வெஸ்ட் வந்து முடிகிறவரைக்கும் மட்டும் இருந்துவிட்டுப் போவது ஸ்கோப்டு. "அப்ப ஸ்கோப்டுங்கறது பாவம், கொஞ்ச நேரந்தான்," என்றார் ரகோத்தமன் சார், சிரித்துக்கொண்டே. ஆமாம் சார், கொஞ்ச நேரந்தான் என்றேன்.

கொஞ்ச நேரந்தான். நாங்கள் நிரல் எழுதுவது ஸ்கூல் பஸ்களுக்கு. குழந்தை பஸ் படியில் ஏறும்போது கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கதவோரம் இருக்கிற மெஷினில் காட்டும். டிங் என்று ஒரு சத்தம். அது ஒரு ரிக்வெஸ்ட். அந்த டிங்குக்கும் அடுத்த டிங்குக்கும் நடுவே எங்கள் சர்வரில் ஒரு பொருள் பிறக்கிறது, இது இன்ன குழந்தை, இன்ன வகுப்பு, அப்பா அம்மா போன் நம்பர் இது என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. அதைக் கேட்டுக்கொண்டு மெசேஜ் அனுப்புகிற பொருள் வீட்டுக்கு ஒரு வரி அனுப்பும், தங்கள் குழந்தை இன்னார் பேருந்தில் ஏறிவிட்டார் என்று. அனுப்பி முடிந்ததும் முதல் பொருள் போய்விடும். போய்விட வேண்டும். இது நாள் வரைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் நான் என்ன செய்தேன் என்றால், மெசேஜ் அனுப்புகிற பொருள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்து டெலிபோன் கம்பெனியோடு புதிதாக இணைப்புப் போட்டுக்கொண்டு நேரத்தைத் தின்கிறதே என்று, அதை சிங்கிள்டன் ஆக்கினேன். ஒரே ஒருவன், சர்வர் நிற்கிறவரைக்கும் சாகாதவன், இணைப்பைக் கையிலேயே வைத்திருப்பான், வேகமாக அனுப்புவான். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சாகாதவன் பிறக்கும்போதே, எந்தக் குழந்தை என்று சொல்கிற பொருளையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான் என்பதை நான் பார்க்கவில்லை. முதலில் கையில் கொடுத்த குழந்தையை அவன் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் எத்தனை குழந்தை ஏறினாலும் அவனுக்கு அதே குழந்தைதான். நீண்ட ஆயுள் உள்ளது குறைந்த ஆயுள் உள்ளதைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, வேண்டும்போது கேட்டு வாங்கி உடனே விட்டுவிட வேண்டும். இந்தத் தொழிலில் பால பாடம் இது.

முதலில் கொடுத்த குழந்தை என்னுடையது. புது நிரலை சர்வரில் ஏற்றியதும் முதல் ரிக்வெஸ்டை ஏற்றினவரே அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம், அதற்குப் பெயர் போணி. யார் வைத்த பெயரோ தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. முதல் ரிக்வெஸ்ட் கொஞ்சம் திணறும், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டுமில்லையா, அந்தத் திணறல் எந்த வீட்டுக்கும் போகக் கூடாதென்று நாமே பட்டுக்கொள்வது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டு சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஏற்றினேன், ஐந்து ஐம்பத்தைந்துக்குப் போணி பண்ணினேன். பதிவு எண் ஒன்று. தன்யஸ்ரீ, ஒன்றாம் வகுப்பு பி பிரிவு, வழி எண் ஏழு. என் போனுக்கு மெசேஜ் வந்தது, தங்கள் குழந்தை தன்யஸ்ரீ பேருந்தில் ஏறிவிட்டார். பார்த்தேன், லேப்டாப்பை மூடினேன், குக்கர் வைத்தேன். ஏழே காலுக்கு ஸ்கூட்டரை எடுத்தபோது போன் சீட்டுக்கு அடியில் பெட்டியில் கிடந்தது. அது உதறிக்கொண்டே இருப்பது சீட்டு வழியாகத் தெரிந்தது. கணபதி தாண்டி சிக்னலில் நின்றபோதும் உதறிற்று. யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள், எடுக்க மாட்டேன் போ என்று நினைத்துக்கொண்டேன். சரவணம்பட்டியில் ஆபீஸ் பார்க்கிங்கில் இறங்கி எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க ஏறிவிட்டார், ஏறிவிட்டார், ஏறிவிட்டார். விரலால் தள்ளத் தள்ளக் கீழே இன்னும் இருந்தது. ஏழு இருபத்திரண்டு, ஏழு இருபத்திரண்டு, ஏழு இருபத்து மூன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து விழுந்தது. ஒரு கணம், அரைக் கணம்தான் இருக்கும், நான் அதை நம்பினேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் நம்பினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் இன்று பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள், நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் மெசேஜ் வரவில்லை. ஐந்து வருஷப் பழக்கம், அந்த வரி வந்தால்தான் தாய்மார்கள் அடுப்பைப் பார்க்கப் போவார்கள். வரவில்லை என்றால் உலகமே இடிந்துவிடும். எங்கள் ஹெல்ப்லைனை எடுக்கிறவள் ஷாஹிதா, டெஸ்டிங்கும் அவள்தான், ஏழரை மணிக்கு வந்து உட்கார்ந்தவள் ஒன்பதரை வரைக்கும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. "ஒரு அம்மா நைட்டியோட ஸ்கூல் கேட்டுக்கே போயிருச்சுக்கா, மேல துண்டு கூடப் போடாம," என்றாள். "வாட்ச்மேன் உள்ள விடல. கிளாஸ்ல இருந்து புள்ளையக் கூட்டிட்டு வந்து காட்டுன பொறவுதான் போச்சாம்." அந்த அம்மாவை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நைட்டியும் அந்த ஓட்டமும் தெரியும். கூட்டிவந்து காட்டினார்களே, அது பெரிய விஷயம். அப்புறம் பத்து மணிக்கு மீட்டிங். ரகோத்தமன் சார், போன மெசேஜெல்லாம் பதிவாகிற லாக்கைத் திரையில் போட்டுவிட்டு, "யாரு இந்த தன்யஸ்ரீ? எல்லாமே இந்தப் பொண்ணு பேர்ல போயிருக்கு," என்றார். அறையில் ஷாஹிதாவுக்கு மட்டும் தெரியும். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். டெஸ்ட் ரெக்கார்டு சார் என்றேன். "ஓ, டம்மியா. லைவ் சிஸ்டத்துல எதுக்குங்க டம்மியெல்லாம் வெச்சிருக்கீங்க, ஃபிக்ஸ் பண்ணிட்டு அதையும் டிலீட் பண்ணிடுங்க, இன்னைக்கே. ஸ்கூலுக்கு நான் எழுத்துல குடுக்கணும்." அவர் மேல் தப்பில்லை. அவருக்கு யார் சொன்னார்கள். ஆனால் டம்மி என்ற சொல் காதில் போய் உட்கார்ந்துகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

டம்மி இல்லை. இந்த சிஸ்டத்தில் ஏறின முதல் குழந்தை அவள்தான். எல்.கே.ஜி. சேர்த்த வருஷம், அதே ஸ்கூல் எங்களுக்கு முதல் வாடிக்கை, முதல் அட்டையை அச்சடித்து அவள் கழுத்தில்தான் மாட்டினேன். டிங் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கப் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொன்னேன், பதினோராவது தடவை "நீயே ஏறிக்கோம்மா" என்றுவிட்டாள். வாய் அப்படி. யாரைக் கொண்டு இந்த வாய் என்று வீட்டில் கேட்பார்கள், யாரும் என் பக்கம் பார்க்க மாட்டார்கள், என்னைக் கொண்டுதான் என்பது அவ்வளவு நிச்சயம். ஒன்றாம் வகுப்பு, ஐப்பசி, நான்கு நாள் காய்ச்சல். முதல் இரண்டு நாள் மாத்திரை கொடுத்துவிட்டு ஆபீஸ் வந்தேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் நாற்பதாயிரம் என்றார்கள், இருபத்திரண்டாயிரம் என்றார்கள், பிறகு எண் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஜூனில் ஸ்கூலிலிருந்து வழக்கமான பட்டியல் வந்தது, இந்த வருஷம் பஸ்ஸிலிருந்து நீக்க வேண்டிய மாணவர்கள் என்று. வரிசைப்படி அவள் முதலில் இருந்தாள். காரணம் என்ற கட்டத்தில் ஸ்கூல்காரர்கள் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். மற்ற முப்பத்தெட்டு பேரை நீக்கினேன். அவளை மட்டும், மாணவர் என்ற இடத்தில் டெஸ்ட் என்று மாற்றி வைத்துக்கொண்டேன். யாருக்கு என்ன நஷ்டம். மாதத்தில் இரண்டு நாள் போணி பண்ணுவேன், என் போனில் அந்த ஒரு வரி வரும், பார்த்துவிட்டுக் குக்கர் வைப்பேன். அழுவது கூட இல்லை. ஏறிவிட்டாள் என்று யாரோ சொன்னால் போதும் என்று இருந்தது. அவளுக்கு அதில் இன்னும் ஆறு வயது, பி பிரிவு, ஏழாம் நம்பர் பஸ். என்ன கேட்டாலும் அன்றைய பதிலையே சொல்லும். பிடித்து வைத்துக்கொண்ட பொருள் உயிரோடு இருக்கிற மாதிரிதான் தெரியும், அதுதான் அதில் உள்ள ஆபத்து, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதை மீட்டிங்கில் சொல்லவில்லை, எழுத்தில் கொடுக்கும்போது சொல்லிவிடுவேன். நான் செய்த மாதிரித் தப்பைச் செய்தால் கன்டெய்னர் தொடக்கத்திலேயே கத்தும். இவன் நெடுநாள் ஆள், கொஞ்ச நேரத்து ஆளை இவன் கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி சர்வரை எழுந்திருக்கவே விடாது. அப்படிக் கத்துவதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. மார்ச் மாசம் அதை நான்தான் அணைத்துவைத்தேன். ஏதோ பழைய இடத்தில் கத்திக்கொண்டே இருந்தது, அன்றைக்குத் தலை வலித்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. தேதியைப் பார்த்தால் அவள் பிறந்த நாளுக்கு மறுநாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். யார் யாருக்கு எவ்வளவு ஆயுள் என்று ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து பதிந்தானே, அவனுக்குத் தலை வலித்த நாளாக இருந்திருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பான். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு நாள் ஜுரம் என்று படுக்காத என்னை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான். எனக்கு அவள் வேண்டும். இதை வேறு மாதிரி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சரி, அடி. ஸ்கோப்டு. அடித்துவிட்டேன். டெலிபோன் இணைப்பை மட்டும் தனியாகப் பிரித்து அதை நெடுநாள் ஆளாக விட்டேன், அது யாரையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வெறும் கம்பிதான். சுவிட்சையும் போட்டேன். பழைய இடத்தில் கத்திற்று, அதையும் சரிசெய்தேன், ஆறு நிமிஷம் ஆயிற்று, அந்த ஆறு நிமிஷத்துக்குத்தான் ஒன்பது மாசம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு அடிக்கும்போது ஏற்றினேன், பஸ்கள் எல்லாம் ஸ்கூல் மைதானத்தில் நிற்கிற நேரம். ஷாஹிதா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "போணி நான் பண்றேன்க்கா இன்னைக்கி," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஆறு பேரை வரிசையாக ஏற்றினாள், எல்லாம் புதிதாக அவள் உண்டாக்கின பெயர்கள், மாம்பழம், கொய்யா என்று. ஒவ்வொன்றும் அதனதன் நம்பருக்குப் போயிற்று. மாம்பழம் ஏறிவிட்டார். கொய்யா ஏறிவிட்டார். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், சட்டென்று இருவரும் நிறுத்திக்கொண்டோம். அவள் போனதும் எழுத்தில் கொடுக்க வேண்டுமே என்று என் போணியை விட்டுவிட்டுக் காலை லாக்கை எண்ணினேன். எண்ணூற்று இருபத்து நான்கு. திரும்ப எண்ணினேன், எண்ணூற்று இருபத்து நான்கு. இரட்டிப்பாக இருக்கிறதே, இன்னொரு தப்பும் இருக்கிறதா, ஒவ்வொரு மெசேஜும் இரண்டு தடவை போயிருக்கிறதா, இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று வரி வரியாகப் போனேன். நேரத்தைப் பார்த்தேன், ஒரே நேரம். பிறகு நம்பரைப் பார்த்தேன். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் கடைசி நான்கு எண் ஏழு ஏழு நான்கு ஒன்று.

மோகன்ராஜின் நம்பர். என் வீட்டுக்காரர். பதிவு எண் ஒன்றில் அம்மா நம்பருக்குக் கீழே அப்பா நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, இருக்கத்தானே செய்யும், நான்தானே வைத்தேன், நான்தானே நிரப்பினேன், அட்டை மாட்டின அன்றைக்கே. என் நம்பர் மட்டும் இருப்பதாக எப்படி நினைத்துக்கொண்டேன். டெஸ்ட் என்று மாற்றியபோது அந்தக் கட்டத்தை நான் திறந்து பார்க்கவில்லை. அப்படியென்றால் இன்று அவர் போனுக்கும் நானூற்றுப் பன்னிரண்டு. அவர் ஆறரைக்கே வேலைக்குப் போய்விடுவார், பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு, சட்டைப் பையில்தான் போன் இருக்கும், நெஞ்சின் மேல். கூப்பிடவில்லையே. ஒரு வார்த்தை கேட்கவில்லையே. இன்று மட்டுமா. ஒவ்வொரு போணிக்கும் போயிருக்கும். இரண்டு வருஷமாக, மாதத்தில் இரண்டு நாள், விடிகாலையில், ஒரே வீட்டுக்குள் நான் சாப்பாட்டு மேஜையில் இருந்து அனுப்ப, அவர் உள் அறையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அவள் பேரை நாங்கள் சொல்வதில்லை. ஏற்பாடு ஒன்றும் கிடையாது, தானாக அப்படி ஆயிற்று. பால் வாங்கியாச்சா, கேஸ் சொல்லியாச்சா, இதுதான் பேச்சு. நான் எதையோ அவருக்குத் தெரியாமல் வைத்திருப்பதாக நினைத்துக் குற்றமாக இருந்தது எனக்கு, பார்த்தால் அதை அவர் மேல் மாதம் இரண்டு தடவை எறிந்திருக்கிறேன். பயமாக இருந்தது. கோபித்தால் கூடப் பரவாயில்லை, அவர் கோபிக்க மாட்டார், அதுதான் பயம்.

முதலில் நீக்கிவிடுவோம், சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வோம் என்று பதிவைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. மாணவி பேருந்தில் இருக்கிறார், இறங்கிய பிறகே நீக்க முடியும். என் வரிதான் அது. உள்ளே இருக்கிற குழந்தையைப் பட்டியலிலிருந்து யாரும் எடுத்துவிடக் கூடாது, எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்து வண்டியோடு பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று, அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்த முதல் வாரம் பயந்து போய் எழுதினேன். என் கணக்குக்குக் கூட விலக்கு வைக்கவில்லை, அவ்வளவு கெட்டிக்காரத்தனம். அப்படியென்றால் இறங்கினதாகப் பதிய வேண்டும். பதிந்தால் மெசேஜ் போகும், அந்த இரண்டாவது நம்பருக்கும். சொல்லாமல் அனுப்ப முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்க் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் மோட்டார் சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம். "ஏனுங்க, வேலையா இருக்கீங்களா," என்றேன். "சொல்லு," என்றார். "காலைல உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சுங்களா."  வெளியே நடந்துவருகிறார் போலிருக்கிறது, சத்தம் தேய்ந்தது. "நானூத்திப் பன்னெண்டு," என்றார்.

எண்ணியிருக்கிறார். என் தப்புங்க, ஒண்ணை மாத்தப் போய் ஒண்ணு ஆயிருச்சு என்று ஏதோ சொன்னேன். "தெரியும், நீ டெஸ்ட் பண்றப்பெல்லாம் வரும்," என்றார். "அஞ்சே முக்கா, ஆறு மணிக்கு. நான் பல்லு வெளக்கீட்டு இருப்பேன். இந்த நானூத்திப் பன்னெண்டச் சேக்காம அம்பத்தி மூணு இருக்குது, ஒண்ணையும் அழிக்கல." "ஏனுங்க எங்கிட்டச் சொல்லல," என்று கேட்டேன். "சொன்னா நீ என்ற நம்பர எடுத்துருவ," என்றார். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே, புடவையைச் சுருட்டிக்கொண்டு, யார் வந்தாலும் சரி என்று. அந்தப் பதிவையே எடுக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னேன். எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார், ஆமாங்க என்றேன்.  "ஏறிட்டான்னுதான் வருது சுகுணா," என்றார். "இத்தன தடவைல ஒரு தடவகூட எறங்கிட்டான்னு வல்ல. நானும் ஒவ்வொருக்காவும் பாத்துட்டேதான் இருக்கறேன்." எனக்கு அது தோன்றவே இல்லை. போணிக்கு ஒரு ரிக்வெஸ்ட் போதும், ஏற்றினேன், வந்தது, மூடினேன். இரண்டு வருஷமாக அவளை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இறங்கினால்தான் எடுக்கவே விடுகிறது, எந்த ஸ்டாப் என்று கேட்கும், ஸ்கூலா நம்ம ஸ்டாப்பா என்றேன். "ஸ்கூல்ல எறக்கீறாத," என்றார் சட்டென்று. "நம்ம ஸ்டாப்புல எறக்கு." சரிங்க என்று எழுந்தேன். "இரு, இப்ப எறக்காத. ஆளு நிக்காம சின்னப் புள்ளைகள எறக்க மாட்டாங்கல்ல. அரை மணி நேரம் குடு. பர்மிசன் போட்டுட்டு நான் போயி நிக்கறேன்."

உண்மைதான், இறக்க மாட்டார்கள். இரண்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டு ஆள் ஸ்டாப்பில் நின்றால்தான் ஆயாம்மா கையைப் பிடித்து இறக்கிவிடுவாள், இல்லையென்றால் ரவுண்டு முடிகிறவரை பஸ்ஸிலேயே வைத்திருப்பார்கள். மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து அவர்தான் அத்திப்பாளையம் பிரிவில் போய் நிற்பார், ஒரு நாள் தவறியதில்லை. நான் ஒரு நாள் கூட நின்றதில்லை, எனக்கு மெசேஜ் வரும், அது போதும் என்று இருந்தேன். இருக்கைக்குத் திரும்பி வந்து அவள் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். யாரோ மைக்ரோவேவில் வைத்த சாம்பார் சாதத்தின் வாசனை வந்தது, பசித்தது, பசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ரகோத்தமன் சார் சாட்டில் கேட்டார், டிலீட் ஆச்சா சுகுணா. கொஞ்சம் பொறுங்க சார், குழந்தை இன்னும் பஸ்ஸில் இருக்கு என்று அடித்தேன். அடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன், ஆனால் அழிக்கவில்லை. அவர் எதுவோ எழுத ஆரம்பித்து, நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, கடைசியில் சரி என்று மட்டும் அனுப்பினார். ஷாஹிதா சொல்லியிருப்பாள். பன்னிரண்டு ஐம்பது. இந்நேரம் கம்பெனி கேட்டைத் தாண்டியிருப்பார். ஹெல்மெட் போட்டிருப்பாரா. வெயில் இருக்கும். அந்த ஸ்டாப்பில் நிழற்குடை கிடையாது, மெடிக்கல் ஷாப்பின் படியில்தான் நிற்க வேண்டும். போகப் போகிறாள் என்று தெரிந்தும் இப்படி உட்கார்ந்து காத்திருப்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் போல இல்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு மூலையில் இருந்தோம்.

ஒன்று ஐந்துக்கு அவரே கூப்பிட்டார். லாரி போகிற சத்தம், ஹாரன். "வந்துட்டேன்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்ப எறக்கு." போனைக் காதில் வைத்துக்கொண்டே வழி எண் ஏழு, நிறுத்தம் அத்திப்பாளையம் பிரிவு, இறங்கினார் என்று பதிந்து அழுத்தினேன். என் போன் காதோரம் உதறிற்று. அந்தப் பக்கம் அவர் போனும் உதறுவது எனக்குக் கேட்டது.  "வா சாமி," என்றார் மோகன்ராஜ், என்னிடம் இல்லை. "பையக் குடு அப்பாகிட்ட." நான் போனை வைக்காமல் நீக்கு என்பதை அழுத்தினேன். இந்தத் தடவை அது ஒன்றும் சொல்லவில்லை.